பட்டாம்பூச்சிக்குப் போட்ட ஊறல்

போன வாரம் பினாயில் பாட்டிலைத் தேடி சிங்க்குக்கு அடியில் கையை விட்டேன். ஒரு பிளாஸ்டிக் டப்பா தட்டுப்பட்டது. மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று வெளியேறி, புளித்த வாழைப்பழமும் வெல்லமும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. மகளைக் கூப்பிட்டேன். "பட்டாம்பூச்சிக்கும்மா. சனி, ஞாயிறு ஃப்ரெண்ட்ஸோட ஜவ்வாது மலைக்குப் போறேன்ல, மரத்துல பூசறதுக்கு" என்றாள், எதையும் மறைக்காமல்.

போன மாதம்தான் ஸ்கூட்டரோடு விழுந்து மோவாயில் ஐந்து தையல் போட்டுக்கொண்டு வந்தவள். இன்னும் போன் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த வாசனை சொல்ல விடவில்லை. அது எனக்குத் தெரிந்த வாசனை. அதே பண்டத்தை நானும் ஒளித்து வைத்தவள். ஒரே வித்தியாசம், நான் அதற்காகப் பொய்யும் சொன்னேன்.

எண்பதுகளில் வேலூரில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணமங்கலத்திலிருந்து தினம் பஸ். இரண்டாம் வருஷத்தில் ஆளுக்கொரு பூச்சிப்பெட்டி தயார் செய்ய வேண்டும். தெர்மாகோல் அட்டையில் ஊசி குத்தி, பெயர் எழுதி ஒட்டி, மூலைக்கொரு நாப்தலின் உருண்டை. எல்லார் பெட்டியிலும் அதே எலுமிச்சை இலைப் பட்டாம்பூச்சி, அதே தட்டான், அதே கரப்பான். கரப்பான் மட்டும் யாருக்கும் பஞ்சமில்லை. எனக்கோ என் பெட்டியில் யாரிடமும் இல்லாத ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்பது மரியாதைக்காகச் சொல்வது, உண்மையில் திமிர்தான்.

நூலகப் புத்தகம் ஒன்றில் அதைக் கண்டுபிடித்தேன். இறக்கையை மூடினால் அசல் காய்ந்த இலை, காம்பு, நரம்பு எல்லாம் உண்டு. திறந்தால் உள்ளே கருநீலம், குறுக்கே ஒரு ஆரஞ்சுப் பட்டை. மழைக்காட்டில் இருக்குமாம், கிழக்கு மலைகளில் அபூர்வமாம். பூவுக்கு வராதாம். அழுகிய பழத்துக்கும் மரத்தில் வடியும் புளித்த சாற்றுக்கும்தான் வருமாம். அந்த வரியைப் படித்தபோது அந்தப் பூச்சியே எனக்குச் சீட்டு எழுதி அனுப்பிய மாதிரி இருந்தது.

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் திட்டம் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் எந்த பஸ், போளூரில் எவ்வளவு நேரம் நிற்கும், ஜமுனாமரத்தூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், ஞாயிறு காலை எந்த ஓடை. கனிந்த மொந்தன் பழம் ஆறு, வெல்லம் கால் கிலோ. பிசைந்து சின்ன மண்பானையில் போட்டுத் துணி கட்டி, விறகுக்குப் பின்னால் ஐந்து நாள் வைத்தேன். மூன்றாம் நாளே அது தனக்குத்தானே பேசத் தொடங்கிவிட்டது. குளுக், குளுக்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். சட்டையில் எப்போதும் ஸ்பிரிட்டும் டிஞ்சரும் மணக்கும். அதை வைத்து ஊரே அவரைக் கேலி செய்யும், "கம்பவுண்டரே, காலைலயே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டறியாத மனுஷன். சிரிக்க மாட்டார், கோபப்படவும் மாட்டார். ஆனால் தினம் இரண்டு வேளை சட்டை மாற்றுவார். அந்தக் கேலி எவ்வளவு உறுத்தியது என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

"மலைக்கா? பொம்பள புள்ள தனியாவா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "நானும் வர்றேன்" என்றார். அதன் பிறகு அவர் திட்டம் ஆரம்பமானது. கட்டுத்துணி, பஞ்சு, மலேரியா மாத்திரை, குடை, பாம்புக்கென்று இறுக்கிக் கட்ட ஒரு ரப்பர் குழாய். ஜமுனாமரத்தூரில் அவரிடம் மருந்து வாங்கிப்போகும் விவசாயி ஒருவர் வீட்டில் ராத்தங்குவோம் என்று சொல்லி அனுப்பினார்.

"பானைல இன்னாமா?"

"வெல்லப் பாகு நைனா. பூச்சிக்கு."

பாதி உண்மை. புளிக்க வைத்தது என்று சொல்லியிருந்தால் பானை தெருவுக்குப் போயிருக்கும்.

பஸ்ஸில் பானையை அவரே மடியில் வைத்துக்கொண்டார். "நீ ஒடச்சிடுவ" என்றார். மலை ஏறும் முன் பாதையில் சங்கிலி கட்டி பஸ்ஸை நிறுத்தினார்கள். மலையிலிருந்து சாராயம் வருகிறதா என்று அப்போதெல்லாம் சோதனை உண்டு. கீழே வரும் வண்டிகளைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு என்னவோ ஏறும் வண்டியிலும் ஒரு போலீஸ்காரர் ஏறினார். நடு வயது, பெரிய தொப்பை, நிதானமான ஆள். நைனா மடியிலிருந்த பானையின் துணி ஈரமாகிப் பொங்கியிருந்தது.

"பானைல இன்னா?"

"வெல்லப் பாகுங்க" என்றார் நைனா.

அவர் துணியை விலக்கினார். அவ்வளவுதான், கடைசி சீட் வரைக்கும் வாசனை போயிற்று. "ஊறல்யா இது" என்றார் போலீஸ்காரர். காய்ச்சுவதற்கு முன் ஊறப்போடுகிற சரக்குக்கு அதுதான் பெயர். பின்னாலிருந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "கம்பவுண்டரே, இத்தினி நாளு டிஞ்சர் வாசனன்னு சொன்னீங்களே" என்றார். பஸ்ஸே சிரித்தது.

நான் எழுந்து நின்றேன். "சார், பட்டாம்பூச்சிக்கு சார்."

"பட்டாம்பூச்சி குடிக்குமா?"

"குடிக்கும் சார்."

"மேலேர்ந்து எறக்குறத புடிச்சிருக்கேன். கீழேர்ந்து மலைக்கு ஏத்துறத இன்னிக்குதான்மா பாக்குறேன்" என்றார். மறுபடி சிரிப்பு.

நைனா என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். பிறகு பானையை இரண்டு கையாலும் பிடித்தபடி எழுந்து நின்றார். "ஊறல்தாங்க. எம் பொண்ணு போட்டது. பூச்சிக்குன்னு சொல்றா இல்ல, பூச்சிக்குதான். பொய் சொல்ற பழக்கம் எங்க வூட்ல இல்ல."

நான் பொய் சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

போலீஸ்காரர் துணியை மறுபடி பானை மேல் இழுத்து மூடினார். "சரி, போங்க. நாளைக்கு எறங்கறப்ப பூச்சிய காட்டணும்" என்று சொல்லி இறங்கிப்போய்ச் சங்கிலியை அவிழ்த்தார். அதோடு அது என் பெட்டிக்கான பூச்சியாக இல்லாமல் போயிற்று. நைனாவின் வார்த்தைக்கு அதுதான் சாட்சி.

ஞாயிறு காலை ஓடைக்கரையில் ஒரு புளியமரத்தின் அடியில் பூசினேன். தங்கியிருந்த வீட்டு அம்மா சாமைக் கஞ்சித் தூக்கோடு கூடவே வந்திருந்தாள். "வெல்லம் போட்ட பழத்த மரத்துக்கு ஊட்றியே தாயி, எங்க வூட்டு ஆளு பாத்தா அழுதுடும்" என்றாள். எறும்பு வந்தது, ஈ வந்தது, குளவி வந்தது. பத்து மணி ஆயிற்று. நைனா குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று அவர் கை என் தோளை அழுத்தியது. பட்டையில் ஒரு சருகு ஒட்டியிருந்தது. முன்பு அங்கே சருகு இல்லை. அது மெல்லத் திறந்தது. அந்த நீலத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆரஞ்சுப் பட்டையோடு இரண்டு தடவை திறந்து மூடியது. நான் வலையை வீசினேன். வலை மரத்தில் இடித்தது, பூச்சி கீழே விழுந்து சருகோடு சருகாகப் போய்விட்டது. அந்த மரத்தடியில் ஒரு மணி நேரம் நைனா ஒவ்வொரு சருகாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

சாயங்காலம் சங்கிலியருகே அதே போலீஸ்காரர். "எங்கமா பூச்சி?"

நான் காலி வலையை மடியில் சுருட்டிக்கொண்டேன். நைனா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "தப்பிச்சிட்ச்சிங்க. உள்ள நீலம், குறுக்க ஆரஞ்சு. நான் பாத்தேன்." முந்தின நாள் தெரியாமல் சொன்னவர், இன்று கண்ணால் பார்த்ததைச் சொன்னார். இரண்டுக்கும் குரலில் துளி வித்தியாசமில்லை. போலீஸ்காரர் காலிப் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கம்பவுண்டர் சொன்னா சரிதான்" என்று வண்டியை விட்டார்.

என் பெட்டியில் எல்லாரையும் போல எலுமிச்சைப் பட்டாம்பூச்சிதான் இருந்தது. ஆனால் வகுப்பில் அந்தச் சருகுப் பூச்சியைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான் என்பதை நாற்பது வருஷமாக, கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களுக்கும் சொல்லியாயிற்று.

மகள் சனிக்கிழமை விடியலில் கிளம்பிப் போனாள். டப்பாவை நானே பையில் வைத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. நான் பொய் சொன்ன இடத்தில் அவள் உண்மையைச் சொன்னாள். ஆனால் அவள் எங்கே இருக்கிறாள் என்று போனில் காட்டும் புள்ளியை போளூர் தாண்டுவதற்குள் பதினோரு தடவை பார்த்துவிட்டேன்.

மலையடியில் அந்தச் சங்கிலி இப்போது இல்லை. ஓடைக்கரைப் புளியமரம் ரோட்டுக்குப் போய்விட்டது. நைனா போய் இருபது வருஷமாகிறது. பாகு என்று ஏன் சொன்னாய் என்று அவர் கேட்பார், கேட்பார் என்று பஸ்ஸில் காத்திருந்தேன். வீட்டில் காத்திருந்தேன். கல்யாணமாகி மகள் பிறந்த பிறகும் காத்திருந்தேன். கடைசிவரை கேட்கவே இல்லை. பிள்ளை சொன்னது சரியா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அதன் பக்கம் எழுந்து நிற்பது அவருக்குக் கைவந்திருந்தது. எங்கள் வீட்டில் அது அவரோடு போய்விட்டது. நான் முதலில் புள்ளியைப் பார்க்கிறேன், அப்புறம்தான் நம்புகிறேன்.