சாவி அவர் சட்டைப் பையில்

"நம்பர் வந்துச்சா? சீக்கிரம் சொல்லுங்க, டைம் போயிடும்!"

கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, விசைப்பலகைமேல் விரல்களைத் தயாராக வைத்திருக்கிறார் மேகக்கா. எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முடிவுகளைத் தட்டச்சு செய்பவர். சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, கிளவுடில், அதாவது இணைய 'மேக'த்தில், ஓடும் செயலி ஒன்றை எழுதுகிறார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். நோயாளிகள் வராந்தாவில் காத்துக் கிடக்காமல் வீட்டிலிருந்தே முடிவைப் பார்த்துக்கொள்ளலாம். இது தேறினால் கணினிப் பொறுப்பு முழுவதும் அவருக்குத்தான் என்று முதலாளியம்மா சொல்லியிருக்கிறார்.

எல்லாம் இணையத்தைப் பார்த்துத் தானாகக் கற்றது. பிழை வந்தால் திரைக்குத் திட்டு விழும்: "நீ சொன்னதைத்தானே செஞ்சேன், சனியனே!" சரியாகிவிட்டால், "அப்படி வா வழிக்கு" என்று ஒரு வாய் சாப்பிடுவார்.

கிளவுடில் கணக்குத் தொடங்கிய அன்றுதான் தவறு நடந்தது. எரிவாயு முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாப் படிவத்திலும் எழுதிப் பழகிய கை, இங்கேயும் கணவரின் கைப்பேசி எண்ணையே போட்டுவிட்டது. உள்ளே நுழைவதற்கான ரகசிய எண் ஒவ்வொரு முறையும் அவருக்குத்தான் போகும். அதை மாற்றவும் அவர் தயவு வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒரு பாட்டம் பாடிவிட்டுத்தான் எண்ணைச் சொல்வார். கேட்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டைக் கட்டியவர் இவர்; சாவி மட்டும் அவர் சட்டைப் பையிலா?

முதலாளியம்மாவுக்குக் காட்ட வேண்டிய நாள் காலையில், மேகக்கா வீட்டில் ஏதோ வாய்த்தகராறு. கணவர் போனை எடுக்கவே இல்லை. மேகக்கா கெஞ்சி அனுப்பிய செய்தியைப் படித்ததற்கு அடையாளமாக நீலக்குறி மட்டும் விழுந்தது. முதலாளியம்மா நின்று பார்த்தார். "ரெடியானதும் சொல்லும்மா" என்று போய்விட்டார்.

மாலையில் அழைத்துப் போக வந்தவர், "போன் சைலன்ட்ல இருந்துச்சு" என்றார். கூசாமல் சொன்னார்! நீலக்குறி என்ன, தானாக விழுந்ததா?

மேகக்கா சண்டை போடவில்லை. தன் எண்ணில் புதுக் கணக்குத் தொடங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார்.

இன்று முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ரகசிய எண் மேகக்காவின் கைப்பேசிக்கே வந்தது. பின்னாலேயே கணவரின் அழைப்பு.

"எடும்மா, அவசரமா இருக்கப்போவுது" என்றார் முதலாளியம்மா.

மேகக்கா அந்த ரகசிய எண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டார். போனைச் சைலன்டில் போட்டு, மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டத் தொடங்கினார்.