வெண்டலின் சிவப்பு ஸ்பிரிங்

டாட்டி என்பவள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் வெண்டல் ஸ்ட்ரிங்கம் எப்போதும் மேற்குச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். டிவி இருப்பதும் அந்தச் சுவரில்தான். அதனால் அவனுக்கு மட்டும் ஆட்டம் காதோடு சரி. டிவிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அதில் ஒரு தேய்ந்த ரப்பர் பெல்ட். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, கெட்டில் மலைச் சரிவில் எவன் தன் ஸ்நோமொபைலை, அதாவது பனியில் ஓடும் வண்டியை, எல்லாரையும் விட மேலே ஏற்றித் தடம் பதிக்கிறானோ அவன் வண்டியின் பெல்ட் அங்கே தொங்கும். ஒன்பது வருஷமாகத் தொங்குவது கேலன் ராஸின் பெல்ட். கேலன் யார் என்றால், வெண்டலின் மனைவி மார்வாவுக்கு உடன்பிறந்த தம்பி. மச்சினன் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே யாருக்குப் பர்கர் இறங்கும்?

வெண்டலுக்கு ஐம்பத்தாறு வயது. கவுண்டி ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். அவனுக்குப் பிடிக்காதவர் வீட்டு வாசலில் மட்டும் பனி கொஞ்சம் தாராளமாகக் குவியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூடப் பிரின்சிபால் வீட்டு வாசலைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். இடது முழங்கால் போய்விட்டது. அடுத்த மே மாதம் ஆபரேஷன் செய்து மாற்றிவிடலாம், அதற்கப்புறம் மலைப்பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, அந்த ஆணியில் தன் பெல்ட் ஏற அவனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு மார்ச்.

மீன்பிடிப் படகை விற்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிப் பலம் கூட்டும் டர்போ ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தான். கோடை முழுக்க ஆராய்ச்சி. ஒன்று பெரிய டர்போ. ராட்சத பலம், ஆனால் ரேஸ் பெட்ரோல்தான் குடிக்கும், கொஞ்சம் பிசகினாலும் பிஸ்டனை உருக்கிவிடும். இன்னொன்று சின்னது, ஊர் பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலே போதும். வெண்டல் பெரியதைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தான்.

"சின்னதையே வாங்கு மச்சான்," என்றான் கேலன். "இதுல மூணு ஸ்பிரிங் தர்றான் பாரு. மஞ்சள் போட்டா சாது. நீலம் நடுவாந்திரம். சிவப்பு போட்டேன்னு வையி, கெட்டிலு உனக்குப் படிக்கட்டு."

"உன் பெல்ட்ட எறக்கிருவேன்டா மாப்ள, யோசிச்சுக்க."

"எறக்கு. குடும்பத்துக்குள்ளதான சுத்துது."

அந்த ஒரு வார்த்தையில் வெண்டல் உருகிவிட்டான். அதற்கு டர்போ கூடத் தேவைப்படவில்லை.

நவம்பரில் இரண்டு சனிக்கிழமை, கேலனின் கராஜில் வேலை நடந்தது. பழைய புகைக்குழாயைக் கழற்றி டர்போவை உட்கார வைத்தார்கள். சூடு தாங்கும் துணியைக் குழாயில் சுற்றினார்கள். வண்டியின் பக்கவாட்டு மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டார்கள். டர்போ எவ்வளவு காற்றை அமுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது ஒரு சின்ன வால்வு, அதற்குள் இருக்கும் கட்டைவிரல் அளவு ஸ்பிரிங். ஸ்பிரிங் இளகலாக இருந்தால் வால்வு சீக்கிரம் திறந்து பலமெல்லாம் வெளியே போய்விடும். அந்த வால்வு வேலை வந்த நேரம் பார்த்துக் கேலனுக்குப் பசித்தது.

"பீட்சா வாங்கிட்டு வா மச்சான். நான் இத முடிச்சு வைக்கிறேன்."

வெண்டல் திரும்பி வந்தபோது வால்வு மூடியிருந்தது. "செவப்பு போட்டாச்சு," என்று சொல்லிக் கேலன் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

குளிர்காலம் முழுக்க டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் முள் ஆறைத் தாண்டவில்லை. பத்து காட்ட வேண்டியது. "ஒம்பதாயிரம் அடியில காத்து ஏது மச்சான், டர்போ பாவம் எதைக் குடிக்கும்?" என்றான் கேலன். இன்னொரு நாள், "மீட்டரு கோளாறு." இன்னொரு நாள் வெண்டலின் வயிற்றையே உற்றுப் பார்த்தான்.

வெண்டல் பெட்ரோலை மாற்றினான், கிளட்ச்சை மாற்றினான். கடைசியில் தன்னையே மாற்றினான். டாட்டி சுடுகிற செர்ரி பை பண்டத்தை விட்டுவிட்டு, மூணு மாதம் இலை தழை தின்றான். பதினாலு பவுண்டு இறங்கியது. அவன் முட்டைக்கோஸை மென்றுகொண்டிருக்கும்போது பின்னால் யாராவது களுக்கென்று சிரிப்பார்கள். டிவியில் ஏதோ தமாஷ் போல என்று நினைத்துக்கொள்வான்.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு, கரி பிடித்திருக்குமோ என்று வால்வைத் தானே திறந்தான். உள்ளே மஞ்சள் ஸ்பிரிங், கோழிக்குஞ்சு மாதிரி.

நேராகக் கேலனின் கராஜுக்குப் போய் மேஜையில் வைத்தான். கேலன் ரொம்ப நேரம் கை துடைத்தான்.

"அக்காதான் சொன்னா," என்றான்.

"என்ன சொன்னா?"

"உன்னையப் பாத்துக்கச் சொன்னா. முழங்காலு, வயசு… வேற எப்பிடிப் பாத்துக்கிறதாம்?"

"உன் பெல்ட்டையும் சேத்துப் பாத்துக்கிட்ட."

கேலன் கை துடைத்த துணியை மடித்து வைத்தான்.

"செவப்பு எங்கடா?"

"டாட்டி கடையில. ஆணியில, பெல்ட்டுக்குக் கீழ. பசங்க சும்மா விளையாட்டுக்கு… நீதான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டியே."

வெண்டல் மஞ்சளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சுவரைப் பார்த்து நின்றான். நவம்பரிலிருந்து அது அங்கேதான் தொங்கியிருக்கிறது, தூசி படிந்து. எடுத்தான். டாட்டி ஒரு தட்டில் செர்ரி பை வைத்து நகர்த்தினாள்.

"வெண்டல், இது கடையோட செலவு."

"வேணாம் டாட்டி. ஒடம்பக் கொறைக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் மார்வா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங்கைப் பார்த்ததும் கை நின்றது.

"யோவ், நான் பத்திரமாப் பாத்துக்கன்னுதான் சொன்னேன். ஸ்பிரிங்கு கிஸ்பிரிங்கு எனக்கு என்ன தெரியும்?"

"டாட்டி கடையில தொங்கினது தெரியும்ல?"

அவள் ஒரு சட்டையை இரண்டு தரம் மடித்தாள். "கிறிஸ்துமஸ் சமயத்துல பாத்தேன். சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ அப்பதான் ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சிருந்த."

ஞாயிற்றுக்கிழமை காலை, சிவப்பைத் தானே மாட்டி வண்டியைக் கெட்டிலுக்குக் கொண்டுபோனான். மலை அடிவாரத்தில் ஒரு வழக்கம். பனி சரிந்து ஆள் புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பீக்கன் எல்லார் நெஞ்சிலும் கட்டியிருக்கும். ஏறுவதற்கு முன் ஜோடி ஜோடியாக நின்று ஒருவர் பீக்கனை ஒருவர் சோதிப்பார்கள். எவன் சோதித்தானோ அவன்தான் தோண்டுவான். ஜோடி இல்லாதவன் ஏறக்கூடாது. இருபது வருஷமாக வெண்டலுக்கு ஜோடி கேலன்.

கேலன் பீக்கனை நீட்டியபடி வந்தான். "ஆன் பண்ணு மச்சான்."

வெண்டல் வரிசையைப் பார்த்தான். நாற்பது பேர் இருப்பார்கள். பனி தள்ளும் வேலையில் கூட இருக்கிறவன், அவன் வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவன், டாட்டியின் புருஷன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனான். டாட்டி கடைக்கு வராத முகம் ஒன்றுகூட இல்லை. இரண்டு பேர் தொப்பியைச் சரி செய்தார்கள். ஒருவன் குனிந்து, இறுகக் கட்டியிருந்த பூட்ஸையே மறுபடி கட்டினான்.

"நான் புதைஞ்சா தோண்டுவியாடா?" என்றான் வெண்டல்.

"என்ன மச்சான் கேள்வி இது. தோண்டாம?"

"தோண்டிட்டேன்னு சொல்லுவ."

பைக்குள்ளிருந்து மஞ்சள் ஸ்பிரிங்கை எடுத்துக் கேலனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான். தன் பீக்கனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினான். பின்னால் கேலன் யாரையோ ஜோடி சேரக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எல்லாருக்கும் ஜோடி இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், அவன் தினமும் பனி தள்ளும் ரோட்டை ஒட்டி, மூன்று மைல் நீளத்துக்குச் சமவெளி. வண்டியை அதில் இறக்கி முழுக்க முறுக்கினான். டர்போ ஊளையிட்டது. முள் ஆறைத் தாண்டியது, எட்டு, ஒன்பது, பத்தில் போய் நின்று நடுங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"சீக்கிரமே வந்துட்ட," என்றாள் மார்வா.

"பத்து காட்டுச்சு," என்றான் வெண்டல். முழங்காலுக்கு ஐஸ் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.