தென்னைமரத்தில் இரண்டு சுற்று

கிரீஸ் வாசனையும் கருவாட்டு வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் ராயபுரம் வீட்டு வாசனையே அதுதான்...

நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் அடிக்கிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

ஐம்பதுகளில் நடந்த கதை இது. நான் கட்டுமரக்காரர் வீட்டுப் பெண். எங்க வீட்டுக்காரர் ஹார்பரில் சிக்னல்மேன். மேலே கிரேனில் உட்கார்ந்திருக்கிற டிரைவருக்குக் கப்பலுக்குள் அடியில் கிடக்கிற சரக்கு தெரியாது. இவர் கையைக் காட்டினால் அது ஏறும், விரலை அசைத்தால் இறங்கும். இரண்டு கையையும் மேலே தூக்கினால் எவ்வளவு பெரிய பாரமும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும்.

அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சநஞ்சமில்லை. சோறு போடும்போது போதும் என்று சொல்லக்கூட வாயைத் திறக்க மாட்டார். இரண்டு கையையும் தூக்குவார். நானும் கரண்டியை அந்தரத்தில் நிறுத்த வேண்டும்!

டாக்சி ஓட்டலாம் என்று ஒரு பழைய சீமைக் காரை வாங்கினோம். என் வளையல் மொத்தமும் அதில்தான் போனது. வாங்கின கொஞ்ச நாளிலேயே இன்ஜினுக்குள் கடகடவென்று சத்தம். வெளியே எடுத்துப் பிரித்தால்தான் வழி என்றார்.

உதவிக்கு வருவதாகச் சொன்ன இரண்டு தோஸ்துகளுக்கும் அன்று காலை கப்பல் வேலை வந்துவிட்டது. "இன்னா இப்ப, நானே எறக்கிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

குறை சொல்லக் கூடாது, ஏற்பாடெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். கியர்பாக்ஸைத் தனியே கழற்றிப் பாரத்தைக் குறைத்திருந்தார். கொல்லையில் மூன்று பருத்த சவுக்குக் கட்டைகளை முக்காலி மாதிரி நிறுத்தி, வழுக்காமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் குழி தோண்டிப் புதைத்தார். உச்சியில் இரட்டைக் கப்பி, இன்ஜின் பக்கம் இரட்டைக் கப்பி, பாரம் கால்வாசியாகும்படி இரண்டிலும் மாறி மாறி ஓடும் தேங்காய் நார்க் கயிறு. கீழே இறக்கி வைக்கப் பழைய டயர்கள். கயிற்றை இழுத்து இன்ஜினைத் தூக்கி, கயிற்றைக் கட்டிவிட்டுக் காரைப் பின்னால் தள்ளி, அப்புறம் மெல்ல டயர் மேல் இறக்க வேண்டும். அதுதான் திட்டம்.

எனக்கு அப்போது ஐந்து மாசம்.

"நீ இந்தாண்ட வராத மே. வவுத்துப் புள்ளக்காரி. அறுந்து வுளுந்தா யாரு பதில் சொல்றது?"

சரி என்று அடுப்படிக்குப் போனேன். ஆனால் மனசு அடுப்பில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவர் இழுக்க இழுக்க மிச்சக் கயிறு அவர் முதுகுக்குப் பின்னால் மண்ணில் சும்மா கிடக்கிறது... எங்கள் கரைப் பக்கம் அப்படி விடவே மாட்டார்கள். எதை இழுத்தாலும் கடைசி ஆள் கயிற்றின் வாலை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டே வருவார். முன்னால் இருப்பவர் கை நழுவினாலும் பாரம் ஓடாது. இங்கே அந்தக் கடைசி ஆள் இல்லை.

சத்தம் போடாமல் கொல்லைக்குப் போனேன். தென்னைமரத்துக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கயிற்றின் வாலை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு முழம் இழுத்தால் நானும் ஒரு முழம் வாங்கிக்கொள்வேன். அவர் கண்ணெல்லாம் இன்ஜின் மேல். திரும்பவே இல்லை.

இன்ஜின் மேலே வந்தது. காரைவிட்டு முழுசாக வெளியே வந்ததும் மெதுவாகச் சுற்றிக்கொண்டு காரின் முன்கண்ணாடிப் பக்கம் போனது. இவர் பதறி இரண்டு எட்டு முன்னால் போய்...

இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

ஹார்பர் பழக்கம்! மேலே கிரேன் இல்லை, டிரைவர் இல்லை. கயிற்றின் வாலை நான் பிடித்திருப்பதும் அவருக்குத் தெரியாது.

கயிறு என் உள்ளங்கையை இழுத்துக்கொண்டு ஓடியது. மரத்தில் நறநறவென்று உராய்ந்து நார் பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். இன்ஜின் ஒரு சாண் இறங்கி நின்றது.

தூக்கின கையை இறக்காமல் அப்படியே நின்றார் மனுஷன். அப்புறம்தான் கயிறு தன்னிடம் இல்லை என்பது உறைத்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பினார். கயிறு போன வழியே பார்த்துக்கொண்டு வந்து, மரத்துக்குப் பின்னால் என்னைப் பார்த்தார்.

"வந்து புடிய்யா, கை எரியுது" என்றேன்.

ஓடி வந்து மரத்தில் கட்டினார். காரைத் தள்ளினார், இன்ஜினை டயர் மேல் இறக்கினார். அதெல்லாம் ஆன பிறகுதான் என் கையில் தேங்காயெண்ணெய் தடவ உட்கார்ந்தார்.

"என் காலு ரெண்டும் அது கீயதான் இருந்துது மே."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சாயங்காலம் தோஸ்துகள் வந்தார்கள். "தனியாவே எறக்கிட்டேன் பாத்தியா" என்று இவர் சொல்கிறார்! கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு டீ கொடுத்தேன். நான் ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்?

அதற்கப்புறம் எத்தனையோ முறை இன்ஜினைத் தூக்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்காமலே ஒரு குரல் வரும். "சுத்திக்கினியா?" "சுத்திக்கினேன், தூக்கு." வெளியே போய்ச் சொல்லும்போது மட்டும் எல்லாம் அவர் தனியாகத் தூக்கினதுதான்.

அவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போன வாரம் திருவொற்றியூரில் பேரனுடைய ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். சக்கரம் வைத்த மெஷின் ஒன்று. கைப்பிடியை நாலு தடவை அழுத்துகிறான், இன்ஜின் தூக்கம் கலையாத குழந்தை மாதிரி மேலே வருகிறது. அதை அந்தரத்தில் விட்டுவிட்டு டீ குடிக்கிறான். நல்லதுதான். யார் காலுக்கும் பயமில்லை.

"ஆயா, தனியாவே தூக்கிட்டேன் பாத்தியா" என்றான்.

அதே வார்த்தை... இவன் சொன்னது நிஜம். அதுதான் என்னவோ போல இருந்தது.

கிளம்பலாம் என்று எழுந்தேன், எழ முடியவில்லை. குனிந்து பார்த்தால், என் முந்தானையை நாற்காலிக் கையில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.