மாப்பிள்ளை எழுதிய உடற்கூற்று நூல்

நாண் பெரும்பேறு. பிழைக்குத் துணைபோகக் கை கூசுமாயின், அந்தக் கூச்சமே அதன் அடையாளம். எங்கள் செவிலியர் கல்லூரியில் அப்பேற்றை உடையவராக நான் கண்டவர் ஒருவரே. மாணவியர் அவரை எலும்பக்கா என்பர். துணிப்பையில் முதுகெலும்புத் துண்டுகளைச் சுமந்தபடி வகுப்புக்குள் நுழையும் செய்முறை ஆசிரியை. அதற்கு முன் பதினோராண்டு மருத்துவமனைச் செவிலி. இங்கே ஆறாண்டாகத் தற்காலிகப் பணி. அவரை நிரந்தரமாக்கும் பரிந்துரை துறைத்தலைவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அவ்வேளையில்தான் முதலாண்டு மாணவர்க்கான உடற்கூற்றியல், உடலியங்கியல் பாடநூலொன்று மதிப்பீட்டுக்கு வந்தது. துறைத்தலைவர், விரிவுரையாளர் ஒருவர், எலும்பக்கா என மூவர் குழு. மூவரும் ஒப்பமிட்டால் நூல் வகுப்பேறும். எழுதியவர் துறைத்தலைவரின் மருமகன். அதை மறைக்கும் அளவுக்கு வெட்கம்கூட அங்கே இல்லை. முன்னுரையில் மாமனாருக்கு ஒரு பக்க நன்றி, அரைப்பக்கப் படம். இதயத்துக்கே அந்நூலில் அத்தனை பெரிய படம் வாய்க்கவில்லை.

விரிவுரையாளர் அட்டையைத் தடவினார், கையில் தூக்கிப் பார்த்தார், “நல்ல கனமா இருக்கு” என்று ஒப்பமிட்டார். அதுவே அவருடைய ஆய்வு.

எலும்பக்காவோ ஆய்வுக்கூடத்து எலும்புக்கூட்டை அருகில் நிறுத்தி, படத்தில் ஒரு விரலும் எலும்பில் ஒரு விரலுமாக நான்கு நாள் படித்தார். விலா எலும்பு பன்னிரண்டு இணை என்றது வாக்கியம். பக்கத்துப் படம் பதினொன்றோடு களைத்து நின்றுவிட்டது. மண்ணீரல் வலப்பக்கம் குடிபெயர்ந்திருந்தது. இரத்தம் பற்றிய இயலின் முடிவில் சிறுநீரகம் பற்றி வினா. எல்லாவற்றையும் பென்சிலால் குறித்தவர், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பென்சிலைக் கீழே வைத்தார். பிட்டத்தில் ஊசி போடும் இடத்தைக் காட்டும் படம் அது. மேலே வெளிப்புறத்தைக் காட்ட வேண்டிய அம்புக்குறி, கீழே உட்புறத்தைக் காட்டியது. காலுக்கு இறங்கும் பெருநரம்பின் வழி அது. அவ்விடத்தில் எவரோ குத்தியதால் பாதம் தொங்கிப்போய், சுவரைப் பிடித்து நடந்து வந்த தச்சர் ஒருவரை அவர் செவிலியாக இருந்தபோது கண்டிருக்கிறார்.

குழு கூடியது. குறிப்பெடுக்கத் துறை எழுத்தராக நானும் இருந்தேன்.

“ஒரு அம்புக்குறிம்மா. அடுத்த பதிப்புல மாப்பிள்ளை திருத்திக்குவாரு. கையெழுத்தப் போடுங்க” என்றார் துறைத்தலைவர். “உங்க ஃபைலும் இங்கதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.”

“அடுத்த பதிப்பு வரைக்கும் பிள்ளைங்க எங்க சார் குத்துவாங்க?”

“விடுங்க மேடம், இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?” என்றார் விரிவுரையாளர்.

“நீங்க படிக்கலன்னு தெரியும் சார். அவங்க படிப்பாங்க.”

துறைத்தலைவர் சிரித்தார். “பெரிய சர்ஜன்னு நெனப்பு!”

“சர்ஜன் இல்ல சார், நர்ஸ்.” எலும்பக்கா பையிலிருந்து உறை பிரிக்காத ஊசியொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். “இப்படிக் குப்புறப் படுங்க. மாப்பிள்ளை அம்பு எங்க காட்டுதோ, அங்கயே ஒரு வைட்டமின் போடுறேன். எழுந்து வாசல்வரைக்கும் நடந்து காட்டிட்டீங்கன்னா கையெழுத்துப் போடுறேன்.”

துறைத்தலைவர் படுக்கவில்லை. நாற்காலியில் இன்னும் அழுந்தி உட்கார்ந்துகொண்டார். அந்நூலை நம்ப மறுத்த முதல் வாசகர் அவரே.

விரிவுரையாளர் மெல்லத் தாளை இழுத்துத் தம் ஒப்பத்தைக் கோடிட்டு அடித்தார். “என் பொண்ணும் இங்க முதல் வருஷம்தான் சார்” என்று முணுமுணுத்தார். தம் வீட்டுப் பெண்ணின் முகம் தெரிந்த பிறகே விழிக்கும் கல்வி அவருடையது!

நூல் திரும்பியது. மறுவாரம் எலும்பக்காவின் பரிந்துரையும் ‘இன்னும் ஓராண்டு பார்க்கலாம்’ என்ற குறிப்போடு திரும்பியது. மிதிவண்டிப் பட்டறை வைத்திருக்கும் கணவர் செய்தி கேட்டு, “பேசாம கையெழுத்துப் போட்டிருக்கலாமேன்னு நான் சொல்லட்டுமா?” என்றாராம்.

“சொல்லித்தான் பாருங்களேன்!”

மனைவியின் நாணுக்குத் தாமும் பங்காளி என்பதுபோல, இருவருக்குமாகச் சோறு பரிமாறினாராம்.

எல்லாம் வல்லான் அந்த மனைக்குக் காப்பாகுக. பட்டறைச் சக்கரங்கள் ஓயாது சுழல்க. அவ்விருவரின் மகள் கற்பன மெய்யாகவே அமைக. நோய் அவ்வாயிலறியாது போகுக. அங்கே உண்போர் எவர்முன்னும் தலைகுனியாது, பல்லாண்டு நிறைந்து வாழ்க!