மாப்பிள்ளையை நடக்க வைத்த அண்ணி

என் அண்ணிக்கு நான் நாத்தனார். குறை கண்டுபிடிப்பது உறவுமுறையிலேயே எனக்குக் கிடைத்த உரிமை. ஆனாலும் உட்கார்ந்து யோசித்தால் ஒரே ஒரு குறைதான் அகப்படுகிறது. பேட்டரி போட்ட எதைக் கண்டாலும் அவருக்குப் பயம். சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் என் அண்ணன் வீடு திரும்பும்வரை அது நின்றேதான் கிடக்கும். அப்படிப்பட்டவரை ரோபோ அணிக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள் என்றால், ஆக்கியவரின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறோம். நான் நூலகர், அவர் தையல் டீச்சர். தையல் வகுப்பில் சேரும் பிள்ளைகள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வகுப்பையே மூடிவிட்டார்கள். வகுப்பு இல்லாத டீச்சரை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? வேறொரு ஊரில், காலையில் பஸ் ஏறினால் இருட்டும்போது இறங்குகிற தூரத்தில், ஒரு பள்ளியில் இடம் காலியாக இருந்தது. அங்கே போனால் தனியாக அறை எடுத்துத் தங்கவேண்டும். என் அண்ணனையும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளையும் விடுமுறைக்கு விடுமுறைதான் பார்க்கமுடியும். அண்ணி இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் மகள் தூங்கிய பிறகும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனி எங்கள் பள்ளிக்கு அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக நன்கொடை அனுப்பியது. வகுப்பறையில் ரோபோ செய்யும் சாமான்கள். கூடவே ஒரு நிபந்தனை. மாணவர் அணி ஒன்றைச் சேர்க்கவேண்டும். வருடக் கடைசியில் நடக்கும் போட்டியில் அந்த அணியின் ரோபோ ஒரு சுற்றாவது முழுசாக ஓடி முடிக்கவேண்டும். இல்லாவிட்டால் பெட்டிகளை வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அறிவியல் டீச்சருக்கு உடனே முதுகு வலி வந்துவிட்டது. கணக்கு சாருக்கு ஏற்கெனவே இருந்தது. தலைமையாசிரியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அண்ணியின் தலையில் கட்டினார்.

"நீங்கதான் டீச்சர் சும்மா இருக்கீங்க. இது ஓடிச்சுன்னா உங்களை இங்கயே வெச்சுக்கச் சொல்லி மேலே எழுதறேன். ஓடலேன்னா பெட்டியும் போயிடும், நீங்களும் போகவேண்டியதுதான்."

தலைமையாசிரியரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாகவேண்டும். கெட்டவர் இல்லை. ஆனால் புதுப் பொருள் பழசாவதை அவரால் தாங்கமுடியாது. அவர் ஸ்கூட்டர் சீட்டில் கடைக்காரர் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறது. அறையில் அவர் உட்காரும் நாற்காலியும் அப்படித்தான். அவர் கொஞ்சம் அசைந்தாலே மொறுமொறுவென்று சத்தம் வரும். உள்ளே கோபமாக இருக்கிறாரா என்பதை வெளியே நிற்பவர்கள் அதை வைத்தே தெரிந்துகொள்வார்கள். சொந்தப் பொருளுக்கே இந்தக் கதி என்றால் தானமாக வந்த பொருளுக்குக் கேட்கவா வேண்டும். பெட்டி பிரித்த அன்று முழுக்கப் பக்கத்திலேயே நின்றார்.

"நாளைக்கு அவங்க வந்து பாத்தா, கொடுத்தது கொடுத்தபடியே இருக்கணும். மேல ஒட்டியிருக்கிற எதையும் உரிக்கக் கூடாது. ஸ்டிக்கரைக்கூட!"

அண்ணி தலையாட்டினார். பெரியவர்கள் சொன்னால் தலையாட்டிவிடுவது அவர் வழக்கம். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது, ஏனென்றால் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியது என் நூலகத்தில்.

தையல் வகுப்பில் கடைசிவரை மிஞ்சிய பிள்ளைகளே ரோபோ அணி ஆனார்கள். அதில் இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி எதற்கெடுத்தாலும் "டீச்சர், ஒரு சந்தேகம்" என்பாள். அதனால் அவள் பெயரே சந்தேகம் ஆகிவிட்டது. இன்னொருத்தி உருவத்தில் சின்னவள், எதையும் துடைத்துக்கொண்டே இருப்பவள். அவளைப் பொத்தான் என்று கூப்பிடுவார்கள்.

அண்ணி ரோபோவைச் சட்டை தைப்பதுபோலத்தான் செய்தார். சாமான்களோடு வந்த படத்தை மேசையில் விரித்து, டேப்பால் அளந்து, "மொதல்ல உடம்பை ஒட்டுங்க, கை காலெல்லாம் அப்புறம்" என்பார். ஒயர் வெளியே தொங்குவதைச் சகிக்காமல் அதற்கு ஒரு துணிக் குழாய் தைத்து மாட்டினார். ஒருவழியாக முடிந்தபோது அது மூக்கும் முழியுமாக நன்றாகத்தான் இருந்தது.

வேலை என்று பார்த்தால் சாதாரண வேலைதான். வெள்ளை விரிப்பில் கறுப்புக் கோடு ஒன்று வளைந்து வளைந்து போகும். ரோபோ தன் அடிப்பக்கத்தில் இருக்கும் கண்ணால் அந்தக் கோட்டைப் பார்த்து, அதன் மேலேயே சுற்றி வந்து, கடைசியில் ஒரு மரக்கட்டையைக் கட்டத்துக்குள் தள்ளவேண்டும். முதல் நாள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அது கோட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராகப் போய் அகராதி அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றது. திருப்பி வைத்தார்கள். மறுபடியும் அகராதி.

எத்தனை உபசாரம் செய்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறதே என்று நான்தான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது. "மாப்பிள்ளைக்குச் சார்ஜ் போட்டாச்சா?" "மாப்பிள்ளை இன்னைக்கு என்ன முறுக்கிக்கிட்டாரு?" என்று பள்ளி முழுக்க விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் சார் வந்து பார்த்தார். "புரோகிராம்ல ஒரு தப்பும் இல்லை. தரைதான் சரியில்லை" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தரையைக் கழுவினோம், மாப்பிள்ளை விரிப்போடு வழுக்கிக்கொண்டு போய் முட்டினார். கோட்டைத் தடிமனாக்கினோம். வெளிச்சம் போதவில்லையோ என்று என் நூலகத்துத் திரைகளையெல்லாம் கழற்றினார்கள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அதுக்குக் கோடு தெரியுதா, இல்லை தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிக்குதா?"

"அது நடிக்கிற அளவுக்கு நாம இன்னும் சொல்லிக்கொடுக்கலை கண்ணு" என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் போட்டி நெருங்க நெருங்க அவர் முகம் சுண்டிக்கொண்டே போனது. அவர் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. வாய் ஓயாமல் நான் கிண்டல் செய்ய எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவரிடம் இதைச் சொல்லவில்லை. நாத்தனார் போய்ச் சொல்லக்கூடிய விஷயமா இது?

போட்டி ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. சாமான்களுக்குக் காவலாகத் தலைமையாசிரியரும் வந்தார். பிள்ளைகளின் கையைப் பிடிக்க நான் போனேன். உண்மையில் என் கையைத்தான் சந்தேகம் பிடித்துக்கொண்டிருந்தாள். உயரமான மேசையில் விரிப்பு போட்டிருந்தார்கள். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வாய்ப்பு.

முதல் வாய்ப்பில் மாப்பிள்ளை வழக்கம்போலக் கோட்டை மதிக்காமல் நேராக நடந்தார். இங்கே முட்டுவதற்கு அகராதி இல்லை. மேசையின் ஓரம் வந்தது. "ஐயோ, தானமா வந்த சாமான்!" என்று அலறியபடி தலைமையாசிரியர் பாய்ந்தார். அந்த வயதில் அப்படி ஒரு பாய்ச்சலை நான் பார்த்ததில்லை. தரையில் மல்லாந்து விழுந்து, மாப்பிள்ளையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மண்டபமே கைதட்டியது. நடுவர் பூஜ்யம் என்று எழுதினார்.

ஓரமாக ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். பொத்தான் மாப்பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்தவள் நிறுத்தினாள்.

"டீச்சர், சாரோட விரல் பட்டு இதுல ஏதோ கிளம்பி நிக்குது."

மாப்பிள்ளையின் கண் மேல் நீல நிறத்தில் ஒரு மெல்லிய படலம், ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. புதுப் போன் வாங்கினால் மேலே ஒட்டியிருக்குமே, அதுபோல. பெட்டியில் வந்த நாளிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் கண்ணைக் கட்டிவிட்டு நாங்கள் அதைக் கோடு பார்க்கச் சொல்லியிருக்கிறோம். தரையைக் கழுவியிருக்கிறோம்!

பொத்தானின் கை அதன் மேல் போவதற்குள் தலைமையாசிரியரின் கை குறுக்கே வந்தது.

"உரிக்காதே! கம்பெனி போட்டது. உரிச்சா பழசாயிடும். அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர். அவர் பயம் அவருக்கு. எங்கள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். நான் அண்ணியைப் பார்த்தேன். தலையாட்டிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சார்" என்றார் அண்ணி. "இது புதுசாவே இருந்து வேற பள்ளிக்கூடத்துக்குப் போகும். நானும் போவேன். என் பொண்ணு காலையில எழுந்து என்னைத் தேடும் சார். யாருக்காக இதைப் புதுசா வெச்சிருக்கோம்?"

தலைமையாசிரியர் கையை மெதுவாக எடுத்தார். அண்ணி நகத்தால் ஓரத்தைத் தூக்கிச் 'சர்' என்று உரித்தார். தலைமையாசிரியர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், தன் தோலையே உரிப்பதுபோல.

மாப்பிள்ளையை விரிப்பில் வைத்தார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு உடம்பை ஒரு முறை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு கோட்டின் மேல் ஏறி நடக்கத் தொடங்கியது. மெதுவாகத்தான். வளைவுக்கு வளைவு நின்று யோசித்தது. மற்ற அணிகளின் ரோபோக்கள் பறந்ததோடு ஒப்பிட்டால் இது கல்யாண ஊர்வலம்தான். "டீச்சர், ஒரு சந்தேகம், நான் கத்தலாமா?" என்று சந்தேகம் என் கையை நசுக்கிக்கொண்டே கேட்டாள். கட்டையைத் தொட்டது. தள்ளியது. கட்டம் தாண்டிப் போய்விடுமோ என்று எட்டிப் பார்த்தேன். போகவில்லை. கட்டத்தின் நடுவே நின்றது.

கடைசி இடம். ஆனால் முழுச் சுற்று. நாங்கள் போட்ட கூச்சலில் முதல் இடம் வாங்கியவர்களே திரும்பிப் பார்த்தார்கள். "இன்னைக்கே மேலே எழுதிடறேன் டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். அவர் சட்டையெல்லாம் தரைத் தூசி. தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

அண்ணி வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரை வேறு அமுக்கிவிட்டார்.

"ஏங்க, நான் எங்கயும் போகலைங்க."

மறுமுனையில் என் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப நான் ஜடை பின்னக் கத்துக்கிட்டதெல்லாம் வீணா?"

"ஜடையா? எப்பங்க?"

"ஆபீஸ்ல, சாப்பாட்டு நேரத்துல. ஜன்னல் திரைக் கயிறு இருக்குல்ல, அதுல. நீ போயிட்டா பாப்பாவுக்கு யார் பின்னுவா?"

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். நான் போனை வாங்கி, "அண்ணி அப்புறம் பேசுவாங்க" என்றேன்.

மறுநாள் காலையில் அண்ணி வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் ஜடையை அண்ணனே பின்னினார். ஒன்று காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே. பாப்பா கண்ணாடியைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு, அப்படியே போ" என்றார் அண்ணி.