மரத்தைக் கொன்ற ஸ்டெல்லா

முந்தாநாள் மூன்றாம் பீரியடில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: காய்ச்சல் என்று லீவு போட்டிருந்த ஸ்டெல்லா டீச்சர் காலையில் இறந்துவிட்டாள். "பொய்!" என்று கத்தினேன். கையிலிருந்த டஸ்டரைச் சுவரில் விட்டெறிந்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் உங்களில் பலருக்கு அவளைக் கணக்கு டீச்சராகத்தான் தெரியும். மயிலாப்பூர் வீட்டில் அவள் தச்சுப் பைத்தியம். அதுவும் ஜப்பான் தச்சு. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. யூடியூப் பார்த்து, கையைக் கிழித்துக்கொண்டு, தானே கற்றது. தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்து, ரம்பத்தைத் தன் பக்கம் இழுத்து இழுத்து அறுப்பாள். ஆணி என்ற பேச்சே கிடையாது.

கூடவே இருந்த தன் முட்டிவலிக்கார அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். துளைக்குள் செருக வேண்டிய முனையைச் சுத்தியலால் சாத்து சாத்தென்று சாத்தினாள். ஜப்பானில் இதற்கு மரத்தைக் கொல்வது என்று பெயராம்.

"அடிப்பாவி, நல்லாத்தானே இருந்துச்சு!" என்றேன்.

"கொன்னாத்தான் அமுங்கி உள்ள போவும் ஷமீமா. உள்ள போய் ஈரம் குடிச்சா உப்பிக்கும். அப்பால எவன் பிடுங்கினாலும் வராது."

அவள் புருஷன் அந்தோணிக்குக் குடித்துவிட்டு அவளை அடிப்பது பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணெதிரே மாமியாரின் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். "இன்னாடி, உன் ஆத்தாளுக்கும் நான் சோறு போடணுமா?" தடுத்த ஸ்டெல்லாவின் வாயில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. ஸ்டூலைத் தூக்கிச் சுவரில் மோதினான். காரை உதிர்ந்தது; ஸ்டூலில் ஒரு கால்கூடக் கழலவில்லை. வெறி ஏறிப்போய் அதையே கிழவியின் தலைக்கு ஓங்கினான். ஸ்டெல்லாவின் சுத்தியல் அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

"மரம்னா அடி வாங்கினாலும் உப்பிக்கும். எலும்பு அப்படி இல்ல. இன்னொரு தபா எங்கம்மா மேல கை வச்சே, மண்டைதான்," என்றாள். எனக்கு வயிறு குளிர்ந்தது, மறைப்பானேன்?

அன்று ஓடிப்போனவன், நேற்று நாங்கள் அடக்கம் முடிந்து திரும்பியபோது வீட்டு வாசலில் பூட்டோடு நின்றான். "வூடு இனிமே என்னுது. கெழவி எங்கனா போவட்டும்." சொந்தக்காரர்கள், சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று என் தோளைப் பிடித்தார்கள். உதறிவிட்டு அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன்.

அடையாற்றில் என் வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது ஸ்டெல்லாவின் அம்மா கேட்டார். "அங்கயும் வந்துட்டான்னா இன்னா பண்றது ஷமீமா?"

"ஒரு கைதானம்மா ஒடஞ்சிருக்கு? இன்னொண்ணு மிச்சம் இருக்குல்ல."

ரம்பம், உளி எல்லாம் அந்தப் பூட்டுக்குள் கிடக்கின்றன. கிடக்கட்டும். ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவள் அம்மாவை. அவன் வந்து கேட்கட்டும், பார்க்கிறேன்.