இஸ்திரிக்காரருக்குக் கிடைத்த குரல்

அந்தச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. குழந்தைப் பருவத்தில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் அவரைப் போல ஒரு வாயாடி அந்தத் தெருவில் கிடையாது. பேச்செல்லாம் கையிலும் முகத்திலும்தான். ஒரு சட்டையின் காலரைத் தேய்க்கும்போதே அதைப் போட்டுக்கொள்ளும் ஆளை நடித்துக் காட்டிவிடுவார். சாவிக்கொத்தின் கனத்தில் ஒருபக்கம் சாய்ந்து நடக்கும் கிடங்குக்காரர், மை கசிந்த பையைக் கையால் மறைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் பல்லிளிக்கும் குமாஸ்தா என்று ஆட்கள் ஒவ்வொருவராக மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வருவார்கள்.

மனைவிக்குக் காது கேட்கும். அதே கடையில் துணி வாங்கிச் சீட்டுக் கொடுப்பது அவள் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அவருக்காகவே கைமொழி கற்றுக்கொண்டாள். சண்டை முற்றினால் அவர் கண்ணை மூடிக்கொள்வார், அவள் எதுவும் சொல்ல முடியாது. அவளுக்குக் கோபம் வந்தால் விளக்கை அணைத்துவிடுவாள், அவர் எதுவும் சொல்ல முடியாது. இப்படி இருவரும் சரிசமமாகத்தான் குடும்பம் நடத்தினார்கள்.

அவள் தம்பிக்கு, அதாவது இஸ்திரிக்காரரின் மச்சினனுக்கு, அந்த வீட்டில்தான் சாப்பாடு. யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவான். சொந்தக் குரலில் அவன் சொல்வதைத்தான் யாரும் மதிப்பதில்லை. ஒருநாள் அவன் கடையில் கைப்பேசியை நிறுத்தி வைத்து இஸ்திரிக்காரரின் நடிப்பைப் படம் பிடித்தான். ஊர் உலகமெல்லாம் பார்க்கும்படி இணையத்தில் போடலாம், கணக்கை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் காட்டினான். இஸ்திரிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சொல்வதை முழுசாக வாங்கிக்கொள்ளத் தெரிந்தவள் அதுவரை ஒருத்திதான்.

வேலை முடிந்ததும் தலை வாரிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் நிற்பது வழக்கமானது. ஆட்களை நடித்துக் காட்டியது போக, மெல்லத் தன்னைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார். மழையை ஜன்னல் கம்பியின் அதிர்வில் எப்படிக் கேட்பார் என்று சொன்னார். அப்புறம் அம்மாவைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் அம்மா பேசும்போது அவள் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே தூங்கிப்போவார். அவள் செத்துக் கிடந்த அன்றும் அதேபோல் கை வைத்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் வைத்திருந்தும் அங்கே ஒன்றும் இல்லை. இதைச் சொல்லி முடித்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது.

அதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும் விட அதிகக் கூட்டம். வீடியோவுக்குக் கீழே வரிசையாக மஞ்சள் முகங்கள், கண்ணில் நீர் தெறிக்க. இது சிரிக்கிற முகம் போல இருக்கிறதே என்று கேட்டார். எல்லாரும் அழுகிறார்கள் மாமா, கண்ணீர் தெரியவில்லையா என்று மச்சினன் எழுதிக் காட்டினான். அவர் அந்த முகங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை.

தெருவில் முன்பின் தெரியாதவர்கள் தோளில் தட்டினார்கள், கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வியாபாரிகள் சங்கம் ஆண்டு விழாவில் அவரைக் கௌரவிப்பதாகச் சொன்னது. விழாப் பொறுப்பில் இருந்த பெண் நல்ல மனசுக்காரி. அவருக்கும் புரியட்டுமே என்று, வீடியோவில் வரும் பேச்சை எழுத்தாக்கித் திரையின் அடியில் ஓடவிட்டாள்.

முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் கை அம்மாவின் தொண்டைக்குப் போனது. அடியில் எழுத்து ஓடியது: “இன்னைக்கு என் மாமியா கழுத்த நெரிச்சே தீருவேன். அய்யய்யோ, கெழவிக்கு இன்னும் மூச்சு இருக்கே.” திரையில் அவர் கண் கலங்கிற்று. “செத்தும் விட மாட்டேங்கிறாளே.” திரும்பிப் பார்த்தார். மண்டபம் முழுக்க வாயைத் திறந்தபடி குலுங்கிக்கொண்டிருந்தது. மேடைக்கு அழைத்தபோது போனார். கழுத்தில் மாலை போட்டார்கள். மைக்கை வேறு அவர் முன்னால் நீட்டினார்கள், அதற்கும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கையால் கேட்டார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நீயும் சிரிச்சியா?”

“அம்மாவோடதுக்கு இல்ல. மத்ததுக்குச் சிரிச்சேன்.”

மச்சினன் மறுநாள் சாப்பிட வந்தபோது அக்காவிடம் ஏதோ சொன்னான். அப்படியே சொல், ஒரு வார்த்தையும் விடாதே என்று இஸ்திரிக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் தம்பியைப் பார்க்காமல் கையால் சொன்னாள்: “மாமா பேசுறது யாருக்குக்கா புரியுது? நான் பேசினதாலதான் அவர ஒரு ஆளா பார்த்தாங்க.”

இஸ்திரிக்காரர் அவன் தட்டை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார். பிறகு சட்டைக்குள் வைக்கும் அட்டை ஒன்றை எடுத்து, அது என் குரல் இல்லை, நான் சொன்னது என் அம்மாவைப் பற்றி என்று பெரிய எழுத்தில் எழுதினார். அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கண்ணீரோடு தானே படம் எடுத்து, தானே ஒரு கணக்குத் தொடங்கிப் போட்டார். எழுத்துக்கு யாரும் குரல் கொடுக்க முடியாது என்பது அவர் எண்ணம். மச்சினன் அதை எடுத்து அட்டை தெரியாதபடி அடிப்பக்கத்தை வெட்டிவிட்டான். மிச்சமிருந்தது அழுகிற முகம் மட்டும். அந்த முகம் மச்சினன் குரலில் பெண்டாட்டி சமையலைச் சொல்லி ஒப்பாரி வைத்தது. அம்மாவின் வீடியோவைக்கூட அது தாண்டிவிட்டது. பார்த்தவர்கள் தங்கள் பங்குக்கும் அந்த முகத்துக்கு ஆளுக்கொரு குரல் கொடுத்து அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் மச்சினனைக் குரல் கொடுக்கும் வேலைக்கே ஒரு கம்பெனி கூப்பிட்டுக்கொண்டது.

கடை முதலாளி நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆட்கள் ஆசையாகப் பார்க்க வருகிறார்கள், கொஞ்சம் கையை ஆட்டினால் என்ன குறைந்துபோகும் என்றார். இஸ்திரிக்காரர் காலர், தோள்பட்டை, கை என்று வரிசை மாறாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த ஆளும் வரவில்லை. கைப்பேசியோடு வந்தவர்கள் சலித்துப்போய்ப் பிறகு வருவதை விட்டார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி கையால் என்ன கேட்டாலும் பதிலைக் கைப்பேசியில் தட்டி அவளுக்கு அனுப்பினார். ஒரு சாயங்காலம் அவள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்து, எவ்வளவு காலம் என்னோடு இப்படி இருப்பீர்கள் என்று இரண்டு கையாலும் கேட்டாள். அவர் அவள் கைகளைக் கடைசி வரை பார்த்தார். சமையலறையில் கிடந்த அவள் கைப்பேசிக்குச் செய்தி வந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள்.

“தெரியாது” என்று இருந்தது.